யானை வாங்கியவரும் அங்குசமும்: பழைய காருக்கு டிஸ்க் பிரேக்

பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. பம்பருக்கு குரோம் பூச்சு எங்கே போட்டது, சீட் துணி எந்த ஊரிலிருந்து வந்தது, ஹார்ன் பட்டன் அசலா நகலா, எந்தப் பழைய இரும்புக் கடையில் டிக்கி கைப்பிடி கிடைத்தது... எல்லாம் மனப்பாடமாக வரும். நடுவில் "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நிமிட மௌனம்தான் பதில். யானை வாங்கினவர் அங்குசம் வாங்கக் கணக்கு பார்த்தாராம், அந்தக் கதைதான்.

இப்போது இந்த உலகத்தில் ஒரு புது ஆசை பரவியிருக்கிறது. முன் சக்கரங்களில் இருக்கும் பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுவது. ஆசை நியாயமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் செய்கிற விதமும், செய்த பிறகு வண்டியை வைத்துக்கொள்கிற விதமும்தான் கவலையாக இருக்கிறது. சரியாகப் பராமரித்த டிரம் பிரேக், அரைகுறையாகப் போட்டு மறந்துபோன டிஸ்க் பிரேக்கை விட எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் டிஸ்க் போட்டவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் இந்த டிரம் நம் கார்களில் ஏன் இவ்வளவு காலம் தங்கியது என்று பார்க்கலாம். டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. இங்கிலாந்தில் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான் பந்தயத்தை ஜாகுவார் சி டைப் ஜெயித்ததில் அதன் டிஸ்க் பிரேக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ்., 1956-ல் டிரையம்ப் டி.ஆர். 3 என்று சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்கும் கார்களிலும் முன் சக்கரத்துக்கு வந்துவிட்டது.

நம்ம கதைக்கு வருவோம். பிரீமியர் பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100 டி. பம்பாய் குர்லாவில் 1964-லிருந்து 'ஃபியட் 1100 டிலைட்' என்று வந்து, பெயர் மாறி மாறிக் கடைசியில் பத்மினி ஆனது. வேடிக்கை என்னவென்றால், 1966-ல் ஃபியட் அதே காரின் அடுத்த வடிவமான 1100 ஆர்-ஐ இத்தாலியில் வெளியிட்டபோது அதில் முன் டிஸ்க் பிரேக் இருந்தது. அதாவது அந்தக் காருக்கு டிஸ்க் எப்படிப் போடுவது என்று அதைப் பெற்றவர்களே 1966-ல் செய்து காட்டிவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் கார் ஓடியது. பெருவாரியான பத்மினிகள் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் வெளியே வந்தன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடரிலும் பிந்தைய மாடல்களில்தான் முன் டிஸ்க்கைப் பார்க்க முடிந்தது.

காரணம் தொழில்நுட்பம் இல்லை, சந்தை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராக வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது, எந்தக் கம்பெனி பிரேக்கை மாற்றி யோசிக்கும்? போட்டியில்லாத சந்தையில் சரக்கு எப்படித் தேங்கும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போட வேண்டிய உதாரணம் இது.

சரி, டிஸ்க் என்னதான் செய்கிறது?

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் கழற்றி வைத்துவிடுவது நல்லது. டிஸ்க் போட்டால் கார் "டக்"கென்று நிற்கும் என்பது பாதி உண்மைதான். காரை நிறுத்துவது கடைசியில் டயரும் தார் ரோடும். நல்ல நிலையில் இருக்கும் டிரம்மே சக்கரத்தை இறுக்கிப் பிடித்து லாக் செய்யும் அளவுக்குப் பலம் கொண்டதுதான். அப்படியிருக்க, ஒரே ஒரு முறை பிரேக் அடித்து நிறுத்துவதில் டிஸ்க்கால் பெரிய வித்தியாசம் காட்ட முடியாது. வித்தியாசம் தெரிவது இரண்டாவது, ஐந்தாவது, இருபதாவது முறையில்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு கார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை நிறுத்தும்போது சுமார் 247 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 59 டிகிரி சூடேற்றுகிற வெப்பம் இது. 40 கி.மீ. வேகம் என்றால் இதில் கால் பங்கு போதும். ஆகவே டவுனுக்குள் சுற்றுகிற வரைக்கும் டிரம்முக்குப் பிரச்னையே இல்லை. இப்போது அதே காரை ஒரு மலைக்கு ஓட்டிக்கொண்டு போய் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறக்குங்கள். மொத்தம் 9800 கிலோஜூல். 80-லிருந்து நாற்பது முறை நிறுத்துவதற்குச் சமம்! கியரில் எஞ்சின் பிடித்தது போக மிச்சம் எல்லாம் பிரேக் தலையில்தான் விழும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கால் பெடலைத் தேடும்.

டிரம் என்பது மூடிய பாத்திரம். உள்ளே உண்டான சூடு வெளியேற வழி குறைவு. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். லைனிங்கும் சூட்டில் பிடிமானம் இழக்கும். மெக்கானிக்குகள் "பிரேக் ஃபேட் ஆயிடுச்சு" என்பது இதைத்தான். மழையில் வேறு கதை. தண்ணீர் உள்ளே போய்விட்டால் காயும் வரை ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. டிஸ்க்குக்கு இந்த இரண்டு நோயும் குறைவு. அது காற்றில் திறந்து சுற்றுகிறது. சூடானால் தடிமன் கூடுமே தவிர பேடை விட்டு விலகாது. தண்ணீரைச் சுழற்றி வீசிவிடும். இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிப்பதால் வண்டி நேராக நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது காருக்கு வெளியே இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பத்மினிக்கு முன்னால் போகிற கார் பதறி பிரேக் அடித்தால் அது நிற்கிற தூரம் வேறு, பின்னால் வரும் பத்மினி நிற்கிற தூரம் வேறு. 1970-ல் பத்மினிக்கு முன்னால் போனது இன்னொரு பத்மினி, இல்லாவிட்டால் ஒரு அம்பாசடர். இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள், கணக்கு சரியாக இருந்தது. கார் மாறவில்லை, ரோடு மாறிவிட்டது.

"அசல் கெட்டுப் போகும்" என்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் காருக்கு, அதுவும் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு வரும் காருக்கு, டிஸ்க் தேவையே இல்லை. பழைய பாகங்களை அப்படியே காப்பாற்றுவதும் ஒரு சேவைதான். ஆனால் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகிறவர் "அசல்" என்று சொல்லி பிரேக்கைத் தொடாமல் இருப்பது என்ன நியாயம்? 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளும் 50 வயது தாண்டிய வண்டிகள் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் பெரிய மாற்றம் என்பதற்கு அவை பெயர் சொல்லிக் காட்டுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றைத்தான். கழற்றிய டிரம்மையும் ஷூவையும் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பாகத்தையும் வெட்டாமல் மாற்றினால்தான் இது நடக்கும்.

இனி போடுகிற விதத்துக்கு வருவோம். சிக்கல் இங்கேதான்.

வழக்கமாக நடப்பது இது. மாருதி மாதிரி ஒரு சின்னக் காரின் டிஸ்க்கும் காலிப்பரும் பழைய கடையில் வாங்கப்படும். லேத் பட்டறையில் ஒரு பிராக்கெட் செய்யப்படும். மாட்டியதும் பார்க்க ஜோராக இருக்கும், போட்டோ எடுக்கலாம். ஆனால் பிரேக் என்பது நான்கு தனித்தனிச் சாமான் இல்லை. அது காலில் ஆரம்பித்து டயரில் முடியும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை மாற்றினால் மற்றவை எல்லாம் கேள்வி கேட்கும்.

டிரம்முக்கு ஒரு ரகசியப் பலம் உண்டு. சக்கரம் சுற்றுகிற திசையே ஷூவை உள்ளே இழுத்து இன்னும் இறுக்கும். இப்படி இழுபடுகிற ஷூ இரண்டாக முன் சக்கரத்தில் இருக்கும் கார்களில் இந்தப் பலம் இரட்டிப்பு (ரிவர்ஸில் அதே அளவுக்கு வலு குறையும், மேட்டில் பின்னால் உருளும்போது கவனித்தவர்களுக்குத் தெரியும்). டிஸ்க்குக்கு இந்த இலவச உதவி கிடையாது. அதே பிடி வேண்டுமென்றால் ஆயிலில் அழுத்தம் கூட வேண்டும். அதோடு காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதைத் தள்ள ஆயிலும் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடிக்கும். சரி என்று முக்கால் அங்குலத் துளை சிலிண்டரை எடுத்துவிட்டு முக்காலே அரைக்கால் அங்குலம் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 36 சதவீதம் கூடுதல் ஆயில் போகும். ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் சுமார் 27 சதவீதம் குறைந்துவிடும். இங்கே கொடுத்தால் அங்கே எடுத்துக்கொள்கிற கணக்கு. அதனால்தான் வேக்குவம் பூஸ்டர் தேவைப்படுகிறது.

பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சுகிற காற்றில் வேலை செய்வது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிற பழைய பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. பூஸ்டர் போட்ட காரில் அப்படிச் செய்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவி தீர்ந்துபோகும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நடு மலையில்.

அடுத்து ஒரு சின்ன வால்வு. டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்களில், காலை எடுத்த பிறகும் சதுர அங்குலத்துக்கு சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை லைனில் பிடித்து வைக்க ஒரு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் இது பாதிக்காது. டிஸ்க்கில் பேடை இழுக்க அப்படி ஸ்பிரிங் கிடையாது. அந்த வால்வை எடுக்காமல் விட்டால் பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பேட் தேயும், ஆயில் கொதிக்கும். "டிஸ்க் போட்டதிலிருந்து வண்டி ஓடவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பிராக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. முன் சக்கரத்தை நிறுத்துகிற விசை முழுக்க காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில்தான் இறங்குகிறது. கேஸ் கட்டரில் அறுத்து வெல்டு வைத்த தகடும், கடையில் எடை போட்டு வாங்கிய சாதா போல்ட்டும் அதற்குப் போதாது. இன்னும் ஒன்று, பின் சக்கர டிரம் பழைய பலத்திலேயே இருந்து முன் பக்கத்தின் அழுத்தத் தேவை மாறிவிட்டால், பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். பின் சக்கரம் முதலில் லாக் ஆன கார் நிற்காது, சுற்றும்.

உண்மையில் பழைய காரில் டிஸ்க்குக்கு முன்னாலேயே மாற்ற வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்க் குடும்பம். எங்கோ ஒரு வீல் சிலிண்டர் வாஷர் கிழிந்தால் நான்கு பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும், மிச்சம் கை பிரேக் மட்டுமே. அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இரட்டைச் சுற்று 1968-லேயே கட்டாயம் ஆகிவிட்டது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் டிஸ்க்கைத் தள்ளிப்போட்டு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் போடுவதே புத்திசாலித்தனம். ஆனால் அது பானெட்டுக்குள்ளோ தரைக்குக் கீழோ ஒளிந்திருக்கும். சக்கர ஓட்டை வழியாகப் பளபளக்காது. அதனால்தானோ என்னவோ யாருக்கும் ஆசை வருவதில்லை :-)

கணக்குப்பதிவியலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள், முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு வகை. டிஸ்க் மாட்டுவது முதலினச் செலவு. ஒரு முறை பெரிதாகப் போகும், நாலு பேர் பார்ப்பார்கள், சொத்தின் மதிப்பு கூடிய மாதிரி இருக்கும். பராமரிப்பு வருவாயினச் செலவு. வருடா வருடம் சின்னச் சின்னதாகப் போகும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பழைய கார்க்காரர்களில் பலர் முதல் வகைக்குக் கடன் வாங்கக்கூடத் தயார். இரண்டாவது வகைக்கு ஒதுக்கு வைப்பதே இல்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் உயிர் இரண்டாவது வகையில்தான் தொங்குகிறது.

பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரம் கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரையைத் தொடும். சூட்டைத் தாங்குவதற்கென்றே போட்ட டிஸ்க், ஐந்து வருடப் பழைய ஆயிலோடு மலை இறங்கினால் டிரம்மை விட மோசமாகக் கைவிடலாம். டிஸ்க்கில் பேடுக்குப் பின்னாலேயே பிஸ்டன், அதற்குப் பின்னாலேயே ஆயில், சூடு நேராக அங்கே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும். பம்பருக்கு குரோம் போட்ட செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஜாக்கிரதை, சாதாரண பிரேக் ஆயில் பெயின்ட்டில் சொட்டினால் பெயின்ட்டைத் தின்றுவிடும். அந்தப் பயத்தில் பாட்டிலைத் திறக்காதவர்களும் இருக்கலாம்!

பழைய காருக்கே உரிய இன்னொரு வியாதி, சும்மா நிற்பது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வெளியே வந்து மீதி நாளெல்லாம் உறை போட்டுத் தூங்கும். ஆயிலில் சேர்ந்த ஈரம் காலிப்பர் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த பிஸ்டன் வெளியே வரும், திரும்பிப் போகாது. நகரும் வகைக் காலிப்பரின் பின்கள் காய்ந்து இறுகினால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும். அதற்கென்று விற்கும் கிரீஸைத்தான் தடவ வேண்டும். கையில் கிடைத்த பேரிங் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் பிரேக் பாகங்களைக் கழுவுவது இன்றும் பல பட்டறைகளில் சாதாரணம். அந்த வாஷர்களுக்கு அது விஷம். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது, அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்ததைக் கடைந்து சமன் செய்து போடுவதில் அர்த்தமில்லை. புது பேட் போட்டதும் நேராக நெடுஞ்சாலைக்குப் போய் அழுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. 60-லிருந்து 20 வரை மிதமாக, நடுவில் ஆறவிட்டு, இருபது முப்பது தடவை பிடித்துப் பழக்கினால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும்.

டிஸ்க் போட வசதியில்லாதவர், போட விரும்பாதவர் யாரும் இதனால் குறைந்துவிடப் போவதில்லை. ஷூவைக் காலத்தில் அட்ஜஸ்ட் செய்து, ஆயில் மாற்றி, ஏறின கியரிலேயே மலை இறங்கினால் டிரம் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும். மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

டிஸ்க்கோ டிரம்மோ, வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசே வேண்டாம். ஆளில்லாத ரோட்டில் 40-ல் போய் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடித்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நிற்க வேண்டும். பிறகு பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். மூன்று ஆறியிருந்து ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. உள்ளே உப்பிப் போன பழைய ரப்பர் ஹோஸ் ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்வது உண்டு. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த ஹோஸை மாற்றிப் பார்ப்பது நல்லது.